ஞானையா வீட்டு மச்சுத் தரை

"ஏங்க, கடைக்கார அண்ணாச்சி பத்துக்கு ஒண்ணுதான கலக்கச் சொன்னாவ?" என்று அற்புதமணி கேட்டபோது, அவள் புருஷன் ஞானையா, பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் பாட்டிலை முழுசாக லேக்கர் டின்னுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பத்துக்கு ஒண்ணுங்கது வேதமணிக்கு. ஏளா, நம்ம தரை அவன் தரைய விட மின்ன வேண்டாமா?"

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த வருஷம். வேதமணியும் ஞானையாவும் ஒரே கப்பல் கம்பெனியில் குமாஸ்தாக்கள். வேதமணி தன் வீட்டு மச்சின் பலகைத் தரைக்கு மினுமினுக்கும் லேக்கர் பூச்சு அடித்ததிலிருந்து ஆபீஸில் வேறு பேச்சில்லை. "தண்ணி நிக்க மாதிரில்லா மின்னுது!" என்று, மச்சுப்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்த மேனேஜரே வியந்தார். அன்று முதல் ஞானையாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் தன் மச்சில்தான் என்று, வேதமணி காதில் விழும்படி எல்லோரையும் அழைத்துவிட்டார்.

பாதித் தரை அடிப்பதற்குள் லேக்கர் டின்னிலேயே இறுகிப் பிரஷ்ஷையும் பிடித்துக்கொண்டது. அடித்த பாதி, மறுநாள் வற்றிய குளம்போல வெடித்துக் கிடந்தது.

கடைக்காரர் சொரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "பாலு உறையத் துளி மோர் போதும்லா? ஹார்டனரும் அப்படித்தான். அளவா விட்டாத்தான் லேக்கர் இறுகும். கூடுனா வெடிச்சிரும். பழசச் சுத்தமாச் சுரண்டிட்டு அடியும்."

சுரண்ட ஞானையாவுக்குப் பொறுமை ஏது? புது டின்னை வெடிப்பின் மேலேயே அடித்தார். அடியிலிருந்தது அப்பளமாகப் பொங்கிச் சுருண்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தூசி பலகை இடுக்கு வழியே இறங்கி, கீழே கொதித்த மீன்குழம்பில் விழுந்தது.

"வயிறு எரியது உங்களுக்கு. எங்கொழம்பு என்ன செஞ்சுது?" என்று அற்புதமணி கத்தினாள்.

ஞாயிறு வந்தது. தரை சொறி பிடித்த மாதிரி இருந்தது. முதல் ஆளாக வந்தவள் வேதமணியின் மனைவி ஜெபசெல்வி. தடுப்பதற்குள் மச்சுப்படி ஏறிவிட்டாள். ஞானையா செத்த முகத்தோடு பின்னால் போனார்.

அவள் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்ல நடந்தாள். திரும்பி வந்து பெருமூச்சு விட்டாள்.

"அற்புதமணி குடுத்து வச்சவ!"

"கிண்டல் பண்ணுதியளா?" என்றார் ஞானையா.

"கிண்டல் என்னண்ணே? உங்க தரையில நடக்க முடியுதே! எங்க வீட்டுக்காரவ ஹார்டனரே ஊத்தாம அடிச்சிட்டாவ. மூணு மாசமாக் காயாமப் பிசுபிசுன்னு மின்னிக்கிட்டு கெடக்கு!"