அடுத்த வெர்ஷனில் அஞ்செட்டி பஸ்

ஒரு வேலையில் கை வைக்கும் முன் அதைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட அத்தனையையும் படித்துவிட வேண்டும் என்று நினைக்கிற மனிதரை உங்களுக்குத் தெரியும். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். இந்த இனத்தில் செல்போனுக்கு அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் என்று ஒரு தனிக் கிளை, இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் ஓசூரில் தழைத்தது. அதில் முதல் தரம் அசோக்குமார்.

விருதுநகர்ப் பக்கத்து ஆள். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. மனைவி பொற்கொடி அஞ்செட்டியில் பள்ளி ஆசிரியை. காலையில் ஓசூரில் பஸ் ஏறி, தேன்கனிக்கோட்டை தாண்டி, ரோட்டில் யானை நிற்காத நாட்களில் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவாள். திரும்புவதுதான் பாடு. மாலையில் ஒன்றிரண்டு வண்டிகள்தான். எது எப்போது கிளம்பும் என்பது அன்றன்றைக்கு எடுக்கப்படுகிற முடிவு.

"போன்லயே பஸ் டயம் தெரியற மாதிரி ஒண்ணு பண்ணித் தாங்களேன். உங்க படிப்பே அதுதானே?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"ரெண்டே வாரம்" என்றான் அசோக்குமார்.

உடனே எழுத உட்கார்ந்தானா? அந்த இனத்துக்கு அது வழக்கமில்லை. பாகலூர் ரோட்டு நெட் சென்டரில் செய்தி படிக்க உட்கார்ந்தான். ஜாவாவில் பாதி எழுதியிருந்தபோது, இனிமேல் போன்களில் சிம்பியன் சிஸ்டம்தான் என்று ஒரு கட்டுரை வந்தது, எழுதியதை அழித்தான். சிம்பியனில் கால்வாசி வந்திருந்தபோது, அமெரிக்காவில் ஐபோன் வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்கிற படம் வந்தது, அழித்தான். அதற்கு எழுத எந்தக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது ஆண்ட்ராய்டு வந்தது; அழிக்க ஒன்றும் இல்லாததால் சும்மா பரவசப்பட்டான். நடுநடுவே கட்டுரைகள் சொல்லும் யோசனைகள் வேறு: பட்டன் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும், பேட்டரியைக் குடிக்கக் கூடாது, முதல் பார்வையிலேயே ஆளை மயக்க வேண்டும். அத்தனையும் மனப்பாடம். ஒப்பிப்பது கேன்டீனில், பெயின்ட் ஷாப் கமலக்கண்ணனிடம்.

"யூசரோட மனசுக்குள்ள போய் உக்காந்து யோசிக்கணும்டா."

"சரிடா. தங்கச்சி ஒண்ணு கேட்டுச்சே, அது என்னாச்சு?"

"அது யூசர் இல்லடா, வீட்டாளு."

கடைசியில் ஓர் ஆடி மாதம், பொற்கொடியின் பழைய போனுக்கே பொருந்துகிற ஜாவாவுக்குத் திரும்பி வந்து, ஒன்றை எழுதி முடித்தே விட்டான். திறந்தால் பச்சை பஸ் ஒன்று திரையின் குறுக்கே ஓடி வந்து ஹாரன் அடிக்கும். அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்கவே வாரக்கணக்காயிற்று. பஸ் நேரங்கள்? ஓசூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போகிற நேரம், வருகிற நேரம் என்று பெயின்ட்டில் எழுதியிருந்ததை அப்படியே போட்டான். அதை எந்தக் காலத்தில் எழுதினார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. பட்டனின் நிறத்தைப் பற்றி அத்தனை படித்தவனுக்குச் சுவரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை பொற்கொடி பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சமையல் செய்யும் சென்னம்மா எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், வண்டி வர்ற நேரமாச்சி. கெளம்பலையா?"

"இன்னும் நேரம் இருக்கும்மா. போன்ல போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரரு எழுதினது" என்றாள் பொற்கொடி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவள் நிறுத்தத்துக்கு வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. தூறல் வேறு. சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று போன் செய்தாள்.

"ஏங்க, கடைசி பஸ் போயிருச்சு."

"போயிருக்காதே. ஸ்கிரீன்ல என்ன வருது?"

"பஸ் வருது. ஸ்கிரீன்ல மட்டுந்தான் வருது."

"ஹாரன் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்பச் சரியாத்தான் ஓடுது" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

"ரோட்டுல யானை நிக்குதாம். பைக்கை எடுத்துட்டு வந்துராதீங்க. நான் சென்னம்மா வீட்டுல தங்கிக்கறேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

எடுத்துக்கொண்டுதான் போனான். செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர்கள் திட்டித் திருப்பி அனுப்பினார்கள். தொப்பலாக நனைந்து வீடு வந்தவன், பல மாதங்களில் முதல் தடவையாக, ஒரு கட்டுரையும் படிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியபோது ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டான்.

"தப்பு என்மேலதான். இன்னிக்கே டயத்தை மாத்திடறேன்."

"வேணாங்க. கண்டக்டர் திம்மப்பன் நம்பரை வாங்கிட்டேன். முந்தின ஊர்ல வண்டியை எடுக்கறப்ப ஒரு மிஸ்டு கால் குடுத்துருவாரு. நான் மத்த டீச்சருங்களுக்குச் சொல்லிருவேன். அவ்வளவுதான்."

அசோக்குமார் தலைகுனிந்து நடந்தான். வீட்டுத் தெரு திரும்புவதற்குள் தலை நிமிர்ந்துவிட்டது.

"மிஸ்டு கால் சரிதான். ஆனா இது பெருசா வளராது, பொற்கொடி. நாளைக்கு ஆயிரம் பேர் சேர்ந்தா என்ன பண்ணுவீங்க?"

"அந்த பஸ்ல அறுபது பேருதாங்க ஏற முடியும்."

அத்துடன் விட்டானா? திம்மப்பனின் நம்பரைத் தேடி எடுத்து, மிஸ்டு காலை எப்படியெல்லாம் மேம்படுத்தலாம் என்று விளக்கினான். திம்மப்பன் பொறுமையாகக் கேட்டார். "சார், நா விசில் ஊதணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். பொற்கொடிக்கு மிஸ்டு கால் தவறாமல் வந்தது. அசோக்குமார் அழைத்தால் மட்டும் திம்மப்பன் எடுப்பதில்லை.

சிரித்துவிட்டீர்கள். அதோடு, ஆரம்பம் கொஞ்சம் நீளம், பொற்கொடியை அந்த மேட்டில் இன்னும் சற்று நிறுத்தியிருக்கலாம், நானாக இருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றட்டும், அத்தனையும் நியாயமானவைதான். ஆமாம், நீங்கள் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அது எந்த அளவில் இருக்கிறது?