இரண்டாம் நம்பர் டோக்கன்

ஒன்றாம் நம்பரைக் கொடுத்துவிட்டு டோக்கன் குமாஸ்தா அடுத்து மூன்றாம் நம்பரை நீட்டினார். இரண்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. இருபத்தாறு வருட சர்வீஸில் அவருடைய முதல் திருட்டு.

ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். இருபது பேரைத்தான் பார்ப்பார். குமாஸ்தாவின் மனைவிக்கு வயிற்றில் கட்டி. முதல் வாரம் அவள் டோக்கனைப் பிடுங்கி ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்தார். போன வாரம் நான்காவதாக நின்றாள். "பொண்டாட்டின்னா முன்னாடியா?" என்று யாரோ முனக, மனுஷர் ரோஷப்பட்டு அவளைக் கடைசிக்கு அனுப்பிவிட்டார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தராசு'.

நேற்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வலியில் நின்றாள். நல்லவனாக இருந்து என்னத்தைக் கண்டோம் என்று அவருக்கு வெறுத்துப்போயிற்று. "நாளைக்கு வரிசையில நிக்காதே. பெஞ்சுல உக்காரு, போதும்" என்றார்.

"ஏன் சார், ரெண்டு எங்கே?" என்றார் மூன்றாம் நம்பர்.

"அது... தொலைஞ்சுபோச்சு."

வந்தது வினை.

"ஐயையோ, சாருக்குக் கெட்ட பேரு வந்துரப்போகுது!" என்று வரிசையே கலைந்து பெஞ்சுக்கடியில் புகுந்து தேடியது. கூட்டுகிற அம்மா குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தார்.

"சட்டைப்பையில பாத்தீங்களா சார்?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்!"

"பாவம், எப்படி வேர்க்குது பாரு. இப்படி ஒரு நேர்மையான மனுஷன்!"

குமாஸ்தா மெல்ல மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் நகர்ந்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கும் சாக்கில் மனைவியின் கையில் டோக்கனைத் திணித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே திரும்பினார். பத்தொன்பது டோக்கனோடு விநியோகம் முடிந்தது.

"ரெண்டு!" என்று உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் எழுந்து உள்ளே போனார்.

குமாஸ்தா கவுன்டரைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார். பெஞ்சில் மனைவி இல்லை.

"உங்க வீட்டம்மா கிளம்பிப் போயிட்டாங்க சார்." கூட்டுகிற அம்மா குரலைத் தாழ்த்தினார். "நீங்க தேடின டோக்கன் பாட்டிலோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சாம். கடைசியா நின்னு, கிடைக்காமத் திரும்பிப் போன பெரியவரைக் கூப்பிட்டுக் குடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க சார். 'தெரியாமக்கூட ஒரு தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சா, மனுஷன் தாங்கமாட்டாரு'ன்னாங்க."