இரவல் குடையும் இரண்டு மூட்டை வெங்காயமும்

இந்தச் சித்திரையில் ஒரு வெங்காயம்கூட உரிப்பதில்லை என்று நான் முடிவு செய்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் முடிவுகள் எல்லாம் அப்படித்தான் பத்திரமாக இருக்கின்றன.

எனக்குப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலக்ட்ரிகல் கடை. என் மனைவி அம்சவள்ளி குன்னம் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஃபேன், மிக்ஸி, வாரண்டி. அதிலும் வாரண்டி முடிந்துவிட்டது என்பதைத் தமிழில்தான் சொல்வேன்.

கோடை லீவு விட்டதும் அம்சவள்ளியின் தம்பி இளையபெருமாள் செட்டிகுளத்திலிருந்து இரண்டு மூட்டை சின்ன வெங்காயம் அனுப்பிவிடுவான். அம்சவள்ளி வடகம் போடுவாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் வீடுகளில் எல்லாம் வருஷம் முழுக்க அந்த வடகம்தான் தாளிப்புக்கு. பெயர் அவளுக்கு. உரிக்கிற வேலையும் கண்ணீரும் எனக்கு. இந்த வருஷம் அதிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. காரணம் உண்மையானது என்பதுதான் அதில் விசேஷம்.

லப்பைக்குடிக்காடு இப்ராம்ஷா பாய் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஒரு பழைய டேப் ரெக்கார்டரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனவையாம். "நீங்களே வச்சுக்குங்க தம்பி. இதைப் போட்டா வூட்டுல ஒருத்தரும் நிக்க மாட்டேங்குறாங்க" என்றார்.

ரிப்பேர் முடிந்ததும் சோதித்துப் பார்க்க ஒரு கேசட்டைப் போட்டேன். அரியலூர் ரோட்டில் சிமெண்டு லாரிகள் வரிசையாகப் போகிற மாதிரி கிட்டார். அந்த லாரிகளுக்கு நடுவில் ஒருவன் மாட்டிக்கொண்டு மெதுவாக எதையோ சொல்லி வருந்துகிறான். என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. ஆனால் என்னிடம்தான் சொல்கிறான் என்று பட்டது. பல்பு வாங்க வந்தவர் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

அந்தக் குழுவின் பெயர் பாரோட் அம்ப்ரெல்லா. இரவல் குடை என்று அர்த்தம். வட இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரர்கள், நாலு பேர். எண்பதுகளில் ஒரே ஒரு ஆல்பம். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். இப்படி மறந்துபோன குழுக்களைத் தேடித் தோண்டி எடுத்துக் கேட்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்பதை இன்டர்நெட்டில்தான் தெரிந்துகொண்டேன். மாடி அறையில் இரண்டு ஸ்பீக்கரை வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தேன். அம்சவள்ளி ஒருநாள் விளக்கம் கேட்டாள்.

"இந்த மாதிரிப் பாட்டுக்குப் பேரு போஸ்ட் பங்க், அம்சா."

"தபாலாபீசுக்குப் பக்கத்துல இருக்கே, அந்த பெட்ரோல் பங்கா?"

"இல்ல. அதுலேருந்து வந்தது ஷூகேஸ்."

"கேஸ் தீந்துபோச்சுன்னு ரெண்டு நாளா சொல்றேன், அது காதுல விழல. ஷூகேஸ் விழுது."

"மேடையில ஷூவையே பாத்துக்கிட்டு வாசிப்பாங்க. நிமிரவே மாட்டாங்க. அதனால அந்தப் பேரு."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நீங்களும் கால் கட்டைவிரலையேதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதுக்கு நாங்க பேரெல்லாம் வைக்கல."

பக்கத்து வீட்டுக் குருமூர்த்தி சார் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். போஸ்ட் என்ற சொல் சுவரைத் தாண்டிக் காதில் விழுந்ததும் வந்து உட்கார்ந்தார். விஷயம் வேறு என்று தெரிந்ததும் காபி குடித்துவிட்டுப் போனார்.

தேடித் தேடி, அந்தக் குழுவில் பாடியவரைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் நைஜல். போன் மொழிபெயர்த்துத் தந்த நாலு வரியை அவருக்கு அனுப்பினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. ஞாயிறன்று வீடியோவில் பேசலாம் என்றிருந்தார்.

அப்போதுதான் அந்தத் திட்டம் தோன்றியது. பேசுவதற்கு அம்சவள்ளியைத்தான் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பாட்டை எப்படிக் கேட்பது முறை என்று அவரிடம் கேட்பேன். எந்தக் கலைஞனாக இருந்தாலும் என்ன சொல்வான்? தனியாக, அமைதியாக, வேறு நினைப்பில்லாமல் கேள் என்பான். அதை அவள் வாயாலேயே எனக்குத் தமிழில் சொல்ல வேண்டிவரும். சொன்ன பிறகு எந்த முகத்தோடு வெங்காய மூட்டையை என் முன்னால் வைப்பாள்?

ஞாயிறு மத்தியானம் போனை அலமாரியில் சாய்த்து வைத்தோம். வெள்ளைக்காரரைப் பார்க்கவேண்டும் என்று குருமூர்த்தி சாரும் வந்து பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். திரையில் ஒரு கிழவர் வந்தார். கம்பளிச் சட்டை, மடியில் பூனை. அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்தா வந்தது என்று போனுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன்.

லாரி, அழுகை, குவைத், என் கடை எல்லாவற்றையும் சேர்த்து நான் நீளமாகப் பேசினேன். அம்சவள்ளி அதை நாலே வார்த்தையில் சொல்லி முடித்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னேன். ஒரு வரிக் கேள்வி. அதை அவள் வெகுநேரம் கேட்டாள். கிழவர் பூனையைத் தடவிக்கொண்டே தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் முகம் மாறியது. மெதுவாகப் பதில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

அவள் யோசித்துச் சொன்னாள். "சும்மா உக்காந்து கேட்டா இந்தப் பாட்டு பிடிபடாதாம். குனிஞ்ச தலை நிமிராம, கையில ஏதாவது வேலை செஞ்சுக்கிட்டே கேக்கணுமாம். அவங்க அப்படித்தான் வாசிச்சாங்களாம்."

"என்ன மாதிரி வேலைன்னு கேளு."

கேட்டாள். அவர் தலையாட்டினார். "சின்னச் சின்ன வேலையா இருக்கணுமாம். நிறைய இருக்கணுமாம்."

அதில் நியாயம் இருந்தது. ஷூகேஸ் என்றாலே குனிந்து செய்கிற காரியம்தானே. அன்று சாயங்காலம் மூட்டையை நானே அவிழ்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலை நிமிராமல் உரித்தேன். அந்த ஆல்பம் அப்படிக் கேட்கும்போது வேறு மாதிரி இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் எது, பாட்டுக்கு வந்த கண்ணீர் எது என்று தெரியவில்லை. ஒரு வாரத்தில் இரண்டு மூட்டையும் தீர்ந்தது. நான் இதுவரை செய்த வேலைகளிலேயே பக்தியோடு செய்தது அதுதான்.

வடகம் மாடியில் காய்ந்துகொண்டிருந்தபோது குருமூர்த்தி சார் வந்தார். நைஜல் சொன்னதை எவ்வளவு சரியாகக் கடைப்பிடித்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு அப்படிச் சொல்லலையேப்பா" என்றார்.

போஸ்ட் மாஸ்டருக்கு இங்கிலீஷ் புரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். நைஜல் சொன்னது இதுதானாம். அந்த ஆல்பத்தை மொத்தமே நூறு பேர்கூட வாங்கவில்லை. நாலு பேரும் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். அது நல்ல பாட்டு என்று சொன்னவள் அவர் மனைவி ஒருத்திதான். அவள் இறந்த பிறகு அவர் அதைக் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. அந்த மனுஷன் ஆசையாகக் கேட்கிறாரே, நீங்களே ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுங்கள் என்றாராம்.

"அம்சா அவர்கிட்ட என்ன சொன்னா?"

"என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கிட்டுக் கேப்பாரு, நான் வெளியில மாடிப்படியில உக்காந்து கேப்பேன், மூணாவது பாட்டு எனக்கும் பிடிக்கும்னு சொல்லிச்சு. அதுக்குத்தான் அவரு கண்ணாடியைக் கழட்டினாரு."

இதையெல்லாம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்கும் வருஷா வருஷம் வடகம் வருதுல்ல" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

கீழே இறங்கினேன். கோபப்படுவதா, என்ன செய்வது என்று புரியவில்லை. அம்சவள்ளி அரிசி களைந்துகொண்டிருந்தாள். குருமூர்த்தி சார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றேன். அவள் திடுக்கிடவில்லை.

"அந்தப் பாட்டு உனக்குப் பிடிக்கும்னா உள்ள வந்து கேட்டிருக்கலாமே" என்றேன்.

"தாழ்ப்பாள் போட்டிருந்தா எப்படி வர்றது?"

மாடிக்குப் போய் ஸ்பீக்கர் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தேன். மூணாவது பாட்டைப் போட்டேன். லாரிகள் புறப்பட்டன. அவள் களைந்த அரிசியோடு வாசற்படியில் நின்று முழுதும் கேட்டாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தமும் அவ்வளவு அமைதியும் ஒரே நேரத்தில் இருந்ததில்லை.

பாட்டு முடிந்ததும் சொன்னாள். "தம்பிகிட்ட இன்னொரு மூட்டை சொல்லியிருக்கேன். நைஜல் சாருக்கு வடகம் வேணுமாம்."

"நிசமா அவரே கேட்டாரா?"

"சந்தேகமா இருந்தா குருமூர்த்தி சாரைக் கேட்டுக்குங்க. அவருக்கும் இந்த மூட்டை வடகத்துலதான் கொடுக்கணும்."