‘வெங்காயக் கண்ணீர்’ வெளியான வரலாறு

சிறுவர் இலக்கிய வரலாற்றை எழுதப்போகிறவர்கள் இனி அதை இரண்டு பாகமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்: ‘வெங்காயக் கண்ணீர்’ வெளிவருவதற்கு முன், வெளிவந்ததற்குப் பின். இதை அந்நூலின் ஆசிரியரும், வெளியீட்டுக் குழுவின் தலைவரும், பாடசாலையின் அதிபரும் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். மூவரும் நானே என்பதால் கூட்டம் சுமுகமாக நடந்தது.

ஊர் ஊராகத் தோட்டக்கூலிக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி ஒரு கதைப்புத்தகம் இல்லையே என்று ஒருநாள் எனக்குப் பெருந்துயரம் உண்டானது. சிறுவர் நூல் போட்டி அறிவித்தல் தபாலில் வந்ததும் அன்றுதான். உடனே தரம் எட்டில் படிக்கும் ஜெகதீஸ்வரியை அழைத்தேன். வெங்காயம் பிடுங்கப் பூவரசங்குளம், கச்சான் கடலை பிடுங்கப் பளை என்று தகப்பன் ஆண்டியப்பனோடும் தாய் இலட்சுமியோடும் அலைகிற பிள்ளை. நான்கு வருடத்தில் ஆறு பாடசாலை. ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட என்ன அதிர்ஷ்டம் வேண்டும்?

‘கள ஆய்வு’ எட்டு நாள் நடந்தது. எட்டு நாளும் கணித பாட வேளையில்.

“வெங்காயம் பிடுங்கேக்க கண்ணீர் ஓடுமல்லோ பிள்ளை?” என்று குழுவின் செயலாளர் கமலாசனி ரீச்சர் குரல் தழுதழுக்கக் கேட்டார்.

“இல்ல ரீச்சர். பிடுங்கேக்க எரியாது. உரிச்சாத்தான் எரியும்.”

“தலைப்பு வச்சாச்சே!”

குழு அவசரமாகக் கூடியது. பிள்ளையின் அனுபவம் பிழை, தலைப்புச் சரி என்று தீர்மானம் நிறைவேறியது. அட்டைப்படத்துக்காக ரீச்சர் மதிய உணவுக் குசினியிலிருந்து நாலு வெங்காயம் கொண்டுவந்து ஜெகதீஸ்வரியிடம் கொடுத்து உரிக்கச் சொன்னார். படம் உருக்கமாக அமைந்தது.

வேறென்ன கஷ்டம் என்று விசாரித்தேன்.

“விடுகைப் பத்திரம் எடுக்கிறதுதான் சேர். அது இல்லாட்டி மற்றப் பள்ளிக்கூடத்தில சேர்க்கமாட்டினம். போனமுறை ரெண்டு மாசம் சும்மா தோட்டத்தில இருந்தனான்.”

எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. அன்றே இறுதி அத்தியாயத்தை எழுதினேன். சிறுமி விடுகைப் பத்திரம் கேட்டு வருகிறாள். கருணையே உருவான ஓர் அதிபர் கதிரையை விட்டு எழுந்து ஓடிவந்து அந்த நிமிடமே கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். எழுதும்போது இரண்டு தரம் அழுதேன். அவ்வளவு நல்ல மனிதர் அந்த அதிபர்.

அடுத்த கிழமை வெங்காயம் முடிந்தது. இலட்சுமி வந்து நின்றார்.

“பளைக்குப் போறம் சேர். பிள்ளையின்ர விடுகைப் பத்திரம்…”

“என்னம்மா கதைக்கிறீங்கள்? கதாநாயகியை அனுப்பிப்போட்டு மேடையில ஆரை ஏத்துறது? வெளியீடு முடியட்டும், தாறன்.”

“எப்ப சேர் வெளியீடு?”

“பிரதம விருந்தினரிட்டத் திகதி கேட்டிருக்கிறம்.”

பிரதம விருந்தினர் பெரிய மனிதர். திகதி இலேசில் கிடைக்குமா? குடும்பம் பளைக்குப் போய்விட்டது. இலட்சுமி திங்கட்கிழமைதோறும் வேலையை விட்டுப் பஸ் ஏறி வந்து அலுவலக வாசலில் நிற்பார். நான் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருப்பேன். இப்படி ஏழு திங்கட்கிழமை போயிற்று. நூலில் ஒரு பிழைகூடக் கிடையாது.

விழா அமோகமாக நடந்தது. மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, நயப்புரை இரண்டு. முதற்பிரதியை ஒரு கடை முதலாளி பெற்றார். சிறப்புப் பிரதி பெற நாற்பத்தொரு பேரின் பெயர் வாசிக்கப்பட்டது. ஜெகதீஸ்வரியின் முறை வரும்போது புத்தகம் முடிந்துவிட்டதால் பொன்னாடை போர்த்தினோம். நயப்புரையாளர் இறுதி அத்தியாயத்தை வாசித்தபோது சபையே மூக்கை உறிஞ்சியது.

பிறகு நூல்களில் கையொப்பமிட உட்கார்ந்தேன். நீண்ட வரிசை. எல்லாருக்கும் சலிக்காமல் போட்டேன். வரிசையின் கடைசியில் இலட்சுமி, பொன்னாடையோடு மகள். கையில் புத்தகம் இல்லை.

“சேர், கதையில அந்தப் பிள்ளைக்கு உடன விடுகைப் பத்திரம் குடுத்ததெண்டு வாசிச்சவை. மெய்யோ?”

“ஓம், நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம்,” என்றேன் பெருமையாக.

“உண்மைக் கதையெண்டு அட்டையிலயும் போட்டிருக்காம்.”

“சந்தேகமில்லாமல் உண்மைக் கதை.”

இலட்சுமி இரண்டு கையையும் கூப்பினார்.

“அப்ப அந்த அதிபர் எந்தப் பள்ளிக்கூடத்தில இருக்கிறாரெண்டு சொல்லுங்கோ சேர். உங்களை ஏன் கரைச்சல்படுத்துவான், நாங்கள் அவரிட்டயே போய் வாங்கிறம்.”