கோடு பாயும் என் கட்டைவிரலும்

மயிலாப்பூர் வட்டாரத்தில் யார் வாயால் எதைச் சொன்னாலும் நம்பாத மனிதர் கோடு பாய் ஒருவர்தான். டாக்டர் சொன்னாலும் நம்பமாட்டார். டிவியில் சொன்னாலும் நம்பமாட்டார். அவர் மனைவி "சாப்பாடு ரெடி" என்றால் எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கை கழுவுவார். அவர் முழுதாக நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அது சிவப்பு நெயில் பாலிஷ்.

சாந்தோம் பெரிய சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் அவருடைய ரிப்பேர் கடை. கிரைண்டர், தண்ணீர் பம்ப், எங்கள் குப்பத்துப் படகு மோட்டார், எது வந்தாலும் பார்ப்பார். சந்தேகம் வந்துவிட்டால் சட்டைப் பையிலிருந்து பாட்டில் வெளியே வரும். சேர்ந்தே சுற்ற வேண்டிய இரண்டு பாகங்களின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். காய்ந்ததும் ஓடவிடுவார். நிறுத்திப் பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் அந்தச் சாமான் யோக்கியம். இரண்டாகப் பிரிந்திருந்தால் அங்கே வழுக்குகிறது என்று அர்த்தம். சந்தேகம் இல்லாத பொருளின் மேல் ஒரு சொட்டுகூட வீணாக்கமாட்டார்.

அந்தப் பாட்டிலை வாங்குவதற்குத் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கே போவார். பெண்கள் கூட்டத்துக்கு நடுவே வெள்ளைத் தாடியோடு நின்று, கையோடு கொண்டுபோன போல்ட்டில் ஒவ்வொரு பாலிஷாகத் தடவி ஊதிப் பார்ப்பார். கடைப் பெண் ஒருமுறை, "வீட்ல அம்மாவுக்கா சார்?" என்று கேட்டாளாம். "மோட்டாருக்கும்மா. தண்ணில போவக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். தன் நகத்தில் மட்டும் படவிடமாட்டார். கை கழுவும் தண்ணீர் நகத்தில் படாவிட்டால் தொழுகைக்கு ஆகாது.

டீக்கடையில் அவருடைய கண்ணாடி டம்ளரிலும், டீ எதுவரை நிற்க வேண்டும் என்று ஒரு கோடு உண்டு. மாஸ்டர் மனம் வெறுத்துக் கேட்டார். "இன்னா பாய், எம்மேல நம்பிக்க இல்லியா?"

"உம்மேல கீது. உன் கையி மேலதான் இல்ல."

ஒருநாள் நான் கடையில் நின்றிருந்தபோது மாடவீதியிலிருந்து ஒரு மாமி வந்தார். கிரைண்டர் பாதியில் நின்றுவிடுகிறதாம். பாய் உள்ளே இருந்த பெல்ட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் சேர்த்துக் கோடு போட ஆரம்பித்தார். மாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் பாய், நாலு நாளா ஆத்துல இட்லி இல்லே. நீங்க அதுக்குச் சிங்காரம் பண்ணிண்டிருக்கேளே!"

"பெல்ட்டு வழுக்குதா, இல்ல உங்க மேல தப்பான்னு கோடு சொல்லும் மாமி."

மாமி கொண்டுவந்த அரிசியையே போட்டு ஓட்டினார். கிரைண்டர் நின்றது. கோடு நேராக இருந்தது. "பெல்ட்டு யோக்கியம். நீங்கதான் ஒரு வாரத்து அரிசிய ஒரே தபா கொட்டுறீங்க" என்றார். மாமி ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

இதைப் பார்த்திருந்ததால்தான் என் மோட்டாரை அவரிடம் கொண்டுபோக எனக்குப் பயமாக இருந்தது.

நான் அதிகம் பேசாதவன். கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே காது சூடாகும். எனக்கு ஒரு ஃபைபர் படகு, அதில் ஒரு பழைய மோட்டார், கூட வருவதற்கு என் மனைவியின் தம்பி. அந்த மோட்டாரை டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டினால் உறுமும். கடலில் நிதானமாகப் போனால் போகும். ஆனால் கரையை ஒட்டி அலை உடைகிற இடத்தைச் சட்டென்று தாண்டியாக வேண்டும். அங்கே ஆக்சிலேட்டரை ஒரேயடியாகத் திருகினால் சத்தம் ஏறுமே தவிர படகுக்கு வேகம் வராது. இரண்டு அலைக்கு நடுவே கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்குள் தாண்டாவிட்டால் அடுத்த அலை படகின் மேல் விழும்.

ஒரு காலையில் விழுந்தது. படகு கவிழ்ந்து மச்சானுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. நான் நீந்தி எழுந்தபோது அவன் ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்தார்கள். பிளக்கை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கையால் ஆட்டிப் பார்த்தார்கள். விசிறி கல் மாதிரி இருந்தது. டிரம்மில் ஓட்டி, "இன்ஜின் சூப்பரா கீதுண்ணா" என்று போய்விட்டார்கள்.

தோள் தேறிய மச்சான் எல்லார் முன்னாலும் சொன்னான். "மோட்டார்ல ஒண்ணியும் இல்ல மாமா. உன் கையிதான் பயப்படுது. அலையப் பாத்ததும் ஆக்சிலேட்டர உட்டுடுற. வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பால நான் வேற படகுக்குப் போயிடுவேன்."

அவன் போய்விட்டால் அந்தப் படகை நான் தனியாகத் தள்ளக்கூட முடியாது. விற்றுவிட்டு நந்தனம் பக்கம் ஏதாவது ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனாக உட்கார வேண்டியதுதான். அதைவிடப் பெரிய கஷ்டம், அவன் சொன்னது எனக்கே உண்மையாகப் பட ஆரம்பித்தது. சோறு பிசையும்போது என் வலது கையை வேற்று ஆளின் கைபோலப் பார்ப்பேன்.

வேறு வழியில்லாமல் புதன்கிழமை நானும் மச்சானும் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாயிடம் போனோம். பாய் எல்லாவற்றையும் கேட்டார்.

"டிரம்முல தப்பு தெரியாதுன்னா கடல்லதான் பாக்கணும்" என்றார்.

மச்சான் சிரித்துவிட்டான். கடையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கடல். ஆனால் பாய் அதில் கால் நனைத்தது கிடையாது. "நீ வருவியா பாய்?"

பாய் வெகுநேரம் தாடியைத் தடவினார். "சந்தேகத்த பாதியில உட்டா எனக்கு சோறு எறங்காது நைனா."

வியாழக்கிழமை காலை அவர் மணலில் இறங்கி வந்ததைக் குப்பமே நின்று பார்த்தது. இடுப்பில், விழுந்தால் மிதக்க, காலி ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு. சட்டைப் பையில் பாட்டில், வெளியே விழாதபடி பையின் வாய்க்கு ஊக்கு. முதலில் மோட்டாரின் பின்னால் குந்தி, விசிறியின் நடுத்துண்டிலிருந்து அதன் வெளி வளையம் வரை ஒரு கோடு இழுத்தார். பிறகு என்னைக் கைப்பிடியை முழுதாகத் திருகச் சொல்லி, அது பொருத்தியிருக்கும் தண்டில் ஆரம்பித்து என் கட்டைவிரல் நகத்தின் மேல் கொண்டுவந்து முடித்தார்.

"இன்ஜினுக்கும் கோடு, உனுக்கும் கோடு. எது வழுக்குதுன்னு பாத்துடலாம்."

"தா, அப்டியே மருதாணியும் வச்சி அனுப்பு பாய்!" என்று ஒரு பெண் குரல் கொடுத்தது. கரை முழுக்கச் சிரிப்பு. நான் தலையைத் தூக்கவே இல்லை.

படகில் ஏறியதும் பாய் கடலுக்கு முதுகைக் காட்டி, எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். "அந்தப் பக்கம் திரும்பி குந்து பாய், அலை வர்றது தெரியும்" என்றான் மச்சான்.

"அலையப் பாக்க நான் வரல. வெரலப் பாக்க வந்தேன்."

அலை உடையும் இடம் வந்தது. திருகினேன். சத்தம் ஏறியது. படகு நகர மறுத்தது.

"திருகு மாமா! திருகு!"

"ஃபுல்லாதான் கீது! கோடு சேந்து நிக்கிது! வாய மூடு!" பாய் கத்தினார். உதடு வெளுத்துப் போயிருந்தது. கண் மட்டும் என் கட்டைவிரலை விட்டு நகரவில்லை.

அலை படகின் முகப்பில் ஏறியது. கையை விட்டுவிட வேண்டும் போலத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீச்சல் தெரியாத ஒரு மனிதர் கடலைப் பார்க்காமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. படகு அரை வயிறு தண்ணீர் குடித்து, எப்படியோ அந்தப் பக்கம் விழுந்தது.

திரும்பிக் கரையேறியதும் பாய் முதலில் வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு மோட்டாரைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். விசிறியில் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுத்துண்டில் இருந்த பாதி ஒரு பக்கமும், வளையத்தில் இருந்த பாதி மூன்று விரல் தள்ளி வேறு பக்கமும் நின்றன.

"உள்ள இருக்கிற ரப்பர் புஷ்ஷு செத்துப்போச்சி. மெதுவா ஓட்டுனா புடிச்சிக்கும். சடார்னு திருகுனா உள்ள மட்டும் சுத்தும், விசிறி கூட வராது."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக் கையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்தினார். "இந்தக் கையி வழுக்கல. பாத்துக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் மணலைப் பார்த்தான். "மாமா, டீ வாங்கியாறட்டா?" என்றான். புது ரப்பர் போட்ட பிறகு படகு சீறிக்கொண்டு போகிறது. மச்சான் வேறு படகுக்குப் போகவில்லை.

என் நகத்தில் கோடு இருந்தது. "எங்கிட்ட ரிமூவர் கீது, கைய குடு" என்றாள் மனைவி. இருக்கட்டும் என்றேன். உப்புத் தண்ணீரில் பாதி உதிர்ந்தது. மீதி நகத்தோடு வளர்ந்து மேலே ஏறி, ஒருநாள் நகவெட்டியோடு போய்விட்டது.

அன்று மாலை பாய் கடைக்குப் போனேன். வெறுங்கையாக வந்து நின்ற என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மோட்டார் எங்க?"

"கொண்டாரல பாய்." கட்டைவிரலை நீட்டினேன். "கோடு போயிடுச்சி."

"இன்னா, திரும்பவும் சந்தேகமா?"

"இல்ல பாய்."

அவர் சட்டைப் பையின் ஊக்கைக் கழற்றிப் பாட்டிலை எடுத்தார். சந்தேகமே இல்லாத ஒன்றின் மேல் கோடு பாய் கோடு போட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.