நூற்று நாற்பத்து நான்காவது குண்டூசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், தங்கள் பத்திரிகையில் மாதாமாதம் வீட்டுத் தையல் குறிப்புகள் எழுதிவரும் அம்மையாரும், அவருடைய பத்து விரல்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வேண்டுதலில் கொஞ்சம் கோபம் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நாளை மாலை நான்கு மணிக்கு என் மகள் கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்கு வருகிறாள். இப்போது பகல் மணி இரண்டு பத்து. என் கண் சிவந்திருக்கிறது என்று மனைவி எனக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்திருக்கிறாள். அந்த அரை மணிக்குள் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பம்ப் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவன். என் காலத்தில் அந்த ஸ்டோரிலிருந்து ஒரு வாஷர்கூடக் காணாமல் போனதில்லை. போனதாகச் சொன்னவர்கள் உண்டு, நிரூபித்தவர்கள் இல்லை. இந்தப் பெருமைக்கு என் மகள் கொடுத்த விலை ஒன்று உண்டு. அவள் பிறந்த அன்று நான் வருடாந்திர ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் உண்டாகியிருப்பதாகப் போனில் சொன்ன அன்று, "அப்பா, கடையில எதுவும் வாங்கிடாதீங்க. உங்க கையால ஏதாவது செஞ்சு குடுங்க. எனக்குத்தான் ஒண்ணும் செஞ்சு குடுத்ததில்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே உங்கள் பத்திரிகைக்குச் சந்தா கட்டினேன்.

அந்த மாத இதழில்தான், துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, அடித்துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைக்கு ஏழு குறிப்புகள் வந்திருந்தன. அந்தப் பக்கத்தைக் கிழித்து, வேலை செய்யும்போது கண்ணில் படுகிற மாதிரி ஜன்னல் திரையில் மாட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதும் அது எதிரில்தான் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. முதல் ஆறு குறிப்புகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைக்கச் சொன்னீர்கள். செய்தேன். சிவப்புத் துணி வாளி முழுக்கச் சாயம் விட்டது, என் வெள்ளைச் சட்டை இரண்டும் ரோஜா நிறமாயின, போர்வை தப்பித்தது. துணிக்கு ஒரு கத்தரி, காகிதத்துக்கு ஒரு கத்தரி என்றீர்கள். அதையும் கடைப்பிடித்தேன், துணிக் கத்தரியால் மீசையை ஒதுக்கிய அந்த ஒரு நாள் தவிர. சக்கரக் கத்தியை அளவுகோலோடு ஒட்டி, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் உருட்டினேன். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்தேன், இழுத்தால் சதுரம் கோணிவிடும் என்றீர்கள். தையல் விளிம்பு காலங்குலத்துக்கு இம்மி பிசகவில்லை. மூன்று அடுக்கையும் குண்டூசி குத்திக் கோர்த்துவிட்டு, ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து வெளியே போகச் சொன்ன ஆறாவது குறிப்பைக் கும்பிடுகிறேன். சுருக்கமே விழவில்லை. ஏழு மாதம் துண்டுகளை இணைத்தேன், பிறகு நாளுக்கு ஒரு வரிசை வீதம் பன்னிரண்டு வரிசை கையாலேயே தைத்தேன். முடித்து விரித்துப் பார்த்தபோது, ஆசிரியர் அவர்களே, இதை நான்தான் செய்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் ஏழாவது குறிப்பைப் படித்தேன். "குத்திய குண்டூசிகளை எண்ணி எடுத்து வைக்கவும்." ஒரு ஸ்டோர் கீப்பரிடம் போய் எண்ணச் சொன்னால் அவன் எண்ணாமல் இருப்பானா? புதுப் பெட்டி, ஒரு குரோஸ், நூற்று நாற்பத்து நான்கு ஊசி, எல்லாம் பச்சைத் தலை. போர்வையைக் கோர்த்து முடித்தபோது பெட்டி காலி. தைக்கத் தைக்க ஒவ்வொன்றாக உருவிப் பெட்டியில் போட்டேன். இப்போது கொட்டி எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினேன். பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்றுதான். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பழக்க தோஷம், "ஒண்ணு குறையுதே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

என் மனைவியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டாள்.

"எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சு?"

"நூத்தி நாப்பத்தி நாலு போச்சு. ஒண்ணு வரல."

"தைக்கிறதுக்கு முன்னாடி எண்ணாம, தைச்சு மூடினப்புறம் எண்ணினீங்களா?"

"குறிப்புலயே கடைசியாத்தான் போட்டிருக்கு."

"நாங்க மூடறதுக்கு முன்னாடி எண்ணுவோம். மூடினப்புறம் எண்ணினா அதுக்குப் பேரு எண்ணிக்கை இல்லைங்க, கேஸு. அந்த ஊசி கிடைக்கிற வரைக்கும் இந்தப் போர்வை குழந்தை பக்கத்துல போகாது."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கொடுமை. பிறந்து நாற்பது நாள் ஆன உடம்பில் ஒரு ஊசி முனை பட்டால் என்ற நினைப்பு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் நாள் காந்தம். எங்கள் வீட்டுக்குக் கீழே ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் ஒரு பெரிய ஸ்பீக்கர் காந்தத்தை இரவல் வாங்கி வந்து, போர்வையைக் கட்டிலில் விரித்து, ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தினேன். நடுவில் ஒரு இடத்தில் டப் என்று பிடித்துக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. "கிடைச்சிடுச்சு, ஓடி வா" என்று கத்தி, அவள் வருவதற்குள் அந்த இடத்துத் தையலை ஒரு சாண் பிரித்துவிட்டேன். அவள் வந்து நிதானமாகப் போர்வையைத் தூக்கிக் காட்டினாள். கீழே இரும்புக் கட்டில். மெத்தையைக் காலையில்தான் நானே வெயிலில் போட்டிருந்தேன். முப்பத்து மூன்று வருடம் இரும்போடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது தேவையா? பிறகு தரையில் விரித்து இரண்டு மணி நேரம் காந்தத்தை ஓட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை. "அப்போ உள்ள இல்லனுதான அர்த்தம்?" என்றேன். "அநேகமா இல்லன்னு சொல்லி நாங்க யார் வயித்தையும் மூடினதில்ல" என்றாள்.

இரண்டாம் நாள் என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, வேறு ஏதோ வேலையாக வந்தார். நல்ல கனமான உடம்பு. அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

"இதுல கொஞ்சம் படுத்துப் புரளேன்."

"எதுக்கு அத்தான்?"

"உள்ள ஊசி இருக்கான்னு பாக்கத்தான்."

"இருந்தா?"

"இருந்தா குத்தும். குத்துச்சுன்னு சொல்லு, போதும்."

தங்கமான மனிதர், படுத்தார். இடமிருந்து வலமாக ஒரு புரள், வலமிருந்து இடமாக ஒரு புரள். மூன்றாவது புரளில் வீடே அதிர ஒரு அலறல். நாங்கள் இரண்டு பேரும் பாய்ந்தோம். மனைவி டார்ச் அடித்து அவர் முதுகை அங்குலம் அங்குலமாகத் தேட, நான் போர்வையில் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அவர் முனகிக்கொண்டே, "ஊசி இல்லக்கா, இடுப்பு" என்றார். பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் சோபாவில்தான் கிடக்கிறார். சாக்பீஸ் வட்டம் இன்னும் போகவில்லை.

மூன்றாம் நாள், பக்கத்துத் தெரு எக்ஸ்ரே நிலையத்துக்குப் போர்வையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

"பேஷண்ட் எங்க?"

பையைத் திறந்து காட்டினேன். எக்ஸ்ரே எடுப்பவர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தொந்தரவு?"

"உள்ள ஊசி இருக்குமோன்னு ஒரு பயம்."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"எந்த டாக்டர் சார் இதுக்கு எழுதிக் குடுப்பாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

எனக்குப் பின்னால் காலில் மாவுக்கட்டோடு இருந்த ஒருவர், "எடுத்து விடுங்க சார், அவர் பேஷண்ட் ஆடாம அசையாம இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று எனக்காகப் பேசினார். பலிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, தெருவில் நின்றபடியே மகளிடமிருந்து வந்த போனை எடுத்தேன். "அப்பா, போர்வை ரெடியா? அதுல சுத்தித்தான் இவளை உங்க மடியில போடணும்னு இருக்கேன்" என்றாள். ரெடி என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே இன்று காலை ஆறு மணியிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். தையல் பிரிக்கும் சின்னக் கொக்கியால் ஒவ்வொரு தையலாக எடுத்து, பஞ்சை விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஒன்பது வரிசை முடித்துவிட்டேன். ஊசி இல்லை. மீதி மூன்றை மனைவி பிரிக்கிறாள். கொக்கியைத்தான் தொடுவாள், தைக்க மாட்டாள். வேலையை விட்ட அன்றே, "முப்பது வருஷம் ஊசி எடுத்துக் குடுத்தாச்சு, இனி அதைக் கையால தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டவள். ஊசி கிடைத்தாலும், திரும்பத் தைக்க வரிசைக்கு முக்கால் மணி நேரம், பன்னிரண்டு வரிசைக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். என் கண் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, நூல் கோர்க்கவே பத்து நிமிடம். நாளை நான்கு மணிக்கு என் பேத்தியை எதில் சுற்றி வாங்குவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மா பிறந்த அன்றும் நான் வெறுங்கையோடுதான் போய் நின்றேன்.

இதற்கெல்லாம் காரணம் உங்கள் ஏழாவது குறிப்பு. எண்ணச் சொல்லாமல் இருந்திருந்தால் எண்ணியிருக்க மாட்டேன், குறைவதும் தெரிந்திருக்காது, என் மைத்துனர் நிமிர்ந்து நடந்துகொண்டிருப்பார். அந்தக் குறிப்பை எழுதிய அம்மையார் அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் குடும்பத்தாருக்கு என் அன்பையும், வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என் ஆசிகளையும் தெரிவிக்கவும். தங்கள் பத்திரிகை பல்லாண்டு வாழ்க, ஏழாவது குறிப்பு நீங்கலாக.

இப்படிக்கு,
மன வேதனையுடன்,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர், தங்கள் சந்தாதாரர்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு, ஆதாரத்துக்கு உங்கள் குறிப்புப் பக்கத்தையும் கூட வைக்கலாம் என்று ஜன்னல் திரையிலிருந்து அதைப் பிடித்து இழுத்தேன். பக்கம் கையோடு வந்தது. பச்சைத் தலைக் குண்டூசி ஒன்று என் காலடியில் விழுந்தது. ஏழு மாதமாக அந்தக் காகிதத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன், அது எதில் தொங்குகிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊசியை விரலிடுக்கில் மறைத்துக்கொண்டு போய், "நீ போய் காபி போடு, நான் பாத்துக்கறேன்" என்று மனைவியை எழுப்பிவிட்டு, பிரிக்காமல் இருந்த பன்னிரண்டாவது வரிசைக்குள் அதைச் செருகிவிட்டேன். காபியோடு வந்தவள் அந்த வரிசையைப் பிரித்தாள். ஊசி வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"திரையில இருந்த பேப்பர் எங்க?"

நான் காபியைக் குடித்தேன்.

"எங்க தியேட்டர்ல ஒரு டாக்டர் இருந்தாரு. காணாமப் போன கத்தரி அவர் கோட்டுப் பையிலயே இருந்துச்சு. அவரும் இப்படித்தான் காபி குடிச்சாரு" என்றாள். சோபாவிலிருந்து மைத்துனர், "அப்போ என் இடுப்பு?" என்று கேட்டார். ஊசியைப் பெட்டியில் போட்டு மூடினாள். மூன்று அடுக்கையும் நீவி விரித்து, இந்தத் தடவை ஊக்கு போட்டு அவளே கோர்த்தாள். எண்ணிக்கொண்டே கோர்த்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "நடுவுலேர்ந்துதான ஆரம்பிக்கணும்? எது நடு?" என்றாள்.

ஆகையால் மேலே எழுதிய புகார் முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். அம்மையார் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். ஏழாவது குறிப்பை முதல் குறிப்பாகப் போட்டு, கூடவே ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொல்லவும்: இந்தப் பக்கத்தைச் சுவரில் பசை போட்டு ஒட்டவும். இதற்கு மேல் எழுத நேரமில்லை. அவள் தன் பக்கம் ஒரு வரிசை தைத்து முடித்துவிட்டாள். எனக்கும் நூல் கோர்த்த ஊசியை முகத்தைப் பார்க்காமலே நீட்டுகிறாள். நான் கையை விரித்தால் போதும், அது சரியாக என் விரலில் வந்து நிற்கிறது.