நீந்தத் தெரியாதவன் வாங்கிய நீச்சல் கடிகாரம்

கடைவாய்ப்பல்லுக்குச் சிகிச்சை என்று பல் டாக்டர் என்னை நாற்காலியில் சாய்த்துப்போட்டு, நாற்பது நிமிஷம் குடைந்தார். வாய் திறந்திருக்கிறது, பேச முடியாது. தலை சாய்ந்திருக்கிறது, திரும்ப முடியாது. கண் மட்டும்தான் சும்மா கிடந்தது. அதற்கு எதிரே நாலு விரற்கடை தூரத்தில் டாக்டரின் மணிக்கட்டு. அதில் ஒரு கடிகாரம்.

கருநீல முகம். பளபளவென்று எஃகுச் சங்கிலி. விநாடி முள் நகர்ந்த விதம் இருக்கிறதே! நான் பார்த்த கடிகாரங்களில் எல்லாம் முள் குதித்துக் குதித்துப் போகும். இது வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்குப் பல்வலியே மறந்துவிட்டது.

வாயைக் கொப்பளித்ததும் கேட்டேன். "டாக்டர், அந்த வாட்ச்..."

"இதுவா? குளிக்கும்போதுகூடக் கழட்டறதில்லை. ஆபீஸுக்கும் இதான், நீச்சலுக்கும் இதான். ஒரு மனுஷனுக்கு ஒண்ணு போதும் சார்."

ஒன்று போதுமாம். நான் என்ன ஏழெட்டா கேட்டேன்? நாற்பத்தாறு வயது. இருபது வருஷமாக ஒரே ஆபீஸ். அந்த இருபது வருஷத்தைப் பாராட்டி ஆபீஸ் கொடுத்த தொகை பாங்கியில் தூங்குகிறது. அதை எழுப்பிக் கையில் கட்டியே தீருவது என்று நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் சபதம் எடுத்துவிட்டேன். மரத்துப்போன வாயால் எடுத்த சபதம். ஆனாலும் சபதம்தானே!

வீட்டில் என் மனைவி சாப்பாட்டு மேசையில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரில் உள்ள தண்ணீரையெல்லாம் சின்னச் சின்ன பாட்டிலில் பிடித்து வந்து, நல்லதா கெட்டதா என்று எழுதிக்கொடுப்பாள். மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"ஏம்மா, ஒரு நல்ல வாட்ச் வாங்கலாம்னு பார்க்கிறேன்."

"எதுக்கு?"

"மணி பார்க்கத்தான்."

"போன்ல பாருங்க."

"ஆபீஸ்ல சும்மா சும்மா போனை எடுத்தா நல்லாவா இருக்கும்?"

"அங்க சுவத்துல ஒண்ணு மாட்டியிருப்பாங்களே."

"பஸ்ல?"

"பஸ்ல மணி பார்த்து என்ன பண்ணப் போறீங்க? இறங்கித் தள்ளப் போறீங்களா?"

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சபதம் அங்கேயே படுத்துவிட்டது.

ஆனால் நான் யார்? காப்பீட்டு ஆபீஸில் இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவு அதிகாரி. பொய்க் கோரிக்கையைக் கண்டுபிடித்துக் கிழிப்பதுதான் என் தொழில். எவனெவன் எங்கெங்கே மாட்டிக்கொள்வான் என்பது எனக்கு அத்துப்படி. எல்லாரும் மாட்டுவது ஒரே இடத்தில்தான். ஆதாரம் இருக்காது. நான் ஆதாரத்தை முதலில் தயார் செய்தேன். கோரிக்கையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

போனை எங்கே கொண்டுபோக முடியாது? தண்ணீருக்குள். ஆகவே நான் நீச்சல்காரன் ஆக வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஒரு சின்ன இடைஞ்சல். அண்டாவில் எட்டிப் பார்த்தாலே எனக்குக் காலடி நழுவுவது போலிருக்கும். அதனால் என்ன, நீந்துகிறேன் என்று சொல்வதற்கு நீச்சல் எதற்கு?

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பையில் துண்டும் புது நீச்சல் கால்சட்டையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நேரே பஸ் நிலையத்து பெஞ்சுக்கு. அரைமணி பேப்பர் படிப்பு. அப்புறம் அங்கிருந்த குழாயில் தலையை நனைத்து, துண்டை நனைத்து, கால்சட்டையை நனைத்துப் பிழிந்து வீட்டுக்குத் திரும்பினேன். நீச்சல்குளம் இருக்கிற தெருப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"நீச்சலுக்கு. டாக்டர் சொன்னார், உடம்புக்கு நல்லதாம்." எந்த டாக்டர் என்று நான் சொல்லவில்லை.

"நம்ம பெரிய நீச்சல்குளத்துக்கா?"

"ஆமா."

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுனு இருந்துச்சு!"

மூன்று வாரம் இப்படியே போயிற்று. முதல் வாரம் ஐந்து சுற்று நீந்தினேன். இரண்டாம் வாரம் பன்னிரண்டு. மூன்றாம் வாரம் இருபதைத் தொட்டுவிட்டதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே எனக்குத் தோள்பட்டை அகன்றுவிட்டதாக ஒரு நினைப்பு. தினமும் அவள் தவறாமல் கேட்பாள், "தண்ணி எப்படி இருந்துச்சு?" பாவம், புருஷன்மேல் எவ்வளவு அக்கறை என்று நெஞ்சு நெகிழ்ந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கோரிக்கையை வைத்தேன்.

"ஒரு பிரச்சினைம்மா. எத்தனை நேரம் நீந்தறேன்னே தெரியலை. தண்ணிக்குள்ள போனைக் கொண்டுபோக முடியாதே..."

"ஆமாங்க, முடியாதுதான். ஞாயித்துக்கிழமை போய் நல்ல வாட்ச்சா ஒண்ணு வாங்கிடலாம். அந்த ஆபீஸ் பணம் இருக்கில்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுப்பாள் என்று ஒன்பது பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்பதும் வீண்.

ஞாயிற்றுக்கிழமை கடை. குளிர்சாதனம் போட்ட பெரிய கடை. விற்பனையாளர் கையுறை போட்டுக்கொண்டு கடிகாரங்களை வெல்வெட் தட்டில் எடுத்து வைத்தார். நான் நேராக ஒரு தங்க முலாம் கடிகாரத்தின்மேல் கையை வைத்தேன். என்ன அழகு!

"இது எத்தனை மீட்டர்?" என்று கேட்டாள் என் மனைவி.

"முப்பது மீட்டர் வரைக்கும் தண்ணி தாங்கும் மேடம்."

"பார்த்தியா, முப்பது மீட்டர்!" என்றேன். "குளம் ஆறடிதான்."

"முப்பதுன்னு போட்டிருந்தா கை கழுவலாம்ங்க, அவ்வளவுதான். நீந்த நூறாவது வேணும். அதோட இது தோல் வாரு, நாலு நாள் நனைஞ்சா நாறிப்போகும்." விற்பனையாளர் பக்கம் திரும்பினாள். "நூறு மீட்டர்ல, பக்கத்துச் சாவியைத் திருகி மூடுற மாதிரி காட்டுங்க. உள்ள ரப்பர் வளையத்தை எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் சோதிச்சுத் தருவீங்க?"

விற்பனையாளர் நிமிர்ந்து நின்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இவள் எப்போது இதையெல்லாம் படித்தாள்? பதினெட்டு வருஷமாக எனக்கு உப்புமா கிண்டிப்போடும் பெண்ணா இவள்?

அடுத்து, ஊத்தப்பம் அளவுக்கு ஒன்று வந்தது. கடலில் மூழ்குகிறவர்கள் கட்டுவதாம், இருநூறு மீட்டர். எனக்கு அதன்மேல் ஆசை தாவியது.

"அது வேணாம். சட்டைக் கைக்குள்ள நுழையாது. தினம் கட்டறதுக்கு அடக்கமா இருக்கணும்," என்று அவள் கருநீல முகத்தில் ஒன்றைத் தொட்டாள். அதே வழுக்கும் முள்! எஃகுச் சங்கிலி, நூறு மீட்டர், திருகு சாவி. டாக்டருடையதைவிட ஒரு சுற்றுச் சின்னது.

"கொஞ்சம் சின்னதா இல்ல?"

"கண்ணு நல்லாத்தானே தெரியுது உங்களுக்கு?"

தெரிந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பணத்தையும் நானே கட்டினேன், மாப்பிள்ளை மிடுக்கோடு.

"சங்கிலியை அளவு பண்ணிடலாம், கையைக் காட்டுங்க," என்றார் விற்பனையாளர்.

நான் கையை நீட்டினேன். அதன்மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது. வளையல் போட்ட கை.

"எனக்குத்தான். நாலு கண்ணி எடுத்தா சரியா இருக்கும்," என்றாள் என் மனைவி.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு விநாடி காது அடைத்துவிட்டது. "என்னம்மா இது? நீந்தறது நான்!"

"எங்க நீந்தறீங்க?"

"பெரிய குளத்துல."

"போன மாசம் அந்தக் குளத்துத் தண்ணி சரியில்லைன்னு எழுதிக்கொடுத்து மூட வச்சதே நான்தாங்க. மொத்தத் தண்ணியையும் வடிச்சுட்டு முந்தாநாள் வரைக்கும் தரைக்கு ஓடு ஒட்டிட்டிருந்தாங்க. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத குளத்துல இருபது சுத்து நீந்தினவர், எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான்."

விற்பனையாளர் சட்டென்று குனிந்து சங்கிலியின் கண்ணிகளை எண்ண ஆரம்பித்தார். எத்தனை முறை எண்ணினாரோ! கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அசடு வழிவதை இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். முகம் இப்படித்தான் இருக்கும் என்று இப்போதுதான் எதிர்க் கண்ணாடியில் தெரிந்தது.

"முதல் நாளே கேட்டிருக்கலாமே," என்றேன்.

"தினமும் கேட்டேனே, தண்ணி எப்படி இருந்துச்சுன்னு."

"அதுக்காக வாட்ச்சையே..."

"ஒரு நாளைக்கு ஒன்பது தொட்டியில முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தண்ணி எடுக்கிறேன். மருந்து கலந்துட்டு நிமிஷம் பார்த்து எழுதணும். இந்த வருஷம் மட்டும் மூணு வாட்ச் தண்ணி குடிச்சுச் செத்துப்போச்சு. நீங்க கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. அவள் மணிக்கட்டை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றே தெரியவில்லை. பல் டாக்டரின் மணிக்கட்டை நாற்பது நிமிஷம் பார்த்தவன் நான்! வெட்கமாகத்தான் இருந்தது.

"உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு கோரிக்கை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அமைதியாகக் கேட்டாள்.

"தள்ளுபடி பண்ணுவோம்."

"நான் அப்படியெல்லாம் பண்ண மாட்டேன். நீச்சல் உடம்புக்கு நல்லதுன்னு சொன்னீங்க, சரியாத்தான் சொன்னீங்க. குளம் நாளைக்குத் திறக்குது. காலையில ஆறு மணி வகுப்புக்கு உங்க பேரைக் கொடுத்து மூணு மாசத்துக்குச் சேர்த்தாச்சு."

திங்கட்கிழமை காலை. ஆழமில்லாத பக்கத்தில் புதுத்தண்ணீர் இடுப்பளவு நின்றது. வகுப்பு என்று அவள் சொன்னாளே தவிர, யாருடைய வகுப்பு என்று சொல்லவில்லை. என்னைச் சுற்றிப் பதினோரு குழந்தைகள். எல்லாருக்கும் முன்பல் விழுகிற வயது. கையில் ஆளுக்கொரு மிதவைப் பலகை. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதில் வாத்துப் படம் போட்டிருந்தது.

"மாமா, பயப்படாதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கோங்க," என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு வாண்டு.

பிடித்தேன். முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன். மூக்கு, காது, தொண்டை எல்லாவற்றிலும் குளம் புகுந்தது. எழுந்து இருமினேன். மறுபடி விட்டேன். மறுபடி இருமினேன். காலை உதறினேன், பலகையைக் கட்டிக்கொண்டேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டதாகத் தோன்றியது. நிச்சயம் முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். வகுப்பு முடியாமலா போகும்?

குளக்கரையில் என் மனைவி குனிந்து, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். கருநீல முகம் தண்ணீருக்கு அடியில் மின்னியது. கடிகாரம் கொஞ்சமும் கலங்கவில்லை.

"ஏம்மா... போதும்மா... மணி என்ன ஆச்சு?" என்று கதறினேன்.

கையை வெளியே எடுத்து, துளியை உதறிவிட்டு, நிதானமாக மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க இறங்கியே இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகலைங்க."